கீபோர்டில் உறுமலா தங்கச்சி? நீயே ஒரு ப்ரீஆம்ப் கட்டு!

கீபோர்டிலிருந்து மிக்ஸருக்கு இருபது மீட்டர் கேபிள் இழுத்ததும் "உம்ம்ம்" என்று ஓர் உறுமல் வருகிறதே, அது கீபோர்டின் குற்றமில்லை. அன்பேலன்ஸ்டு கேபிளில் சிக்னலுக்கு உள்ளே ஒரே கம்பிதான். திரும்பிப் போகும் வழி மேலே சுற்றியிருக்கும் ஷீல்டு. கரண்ட் லைனின் இரைச்சலும் அதே ஷீல்டில் ஓடுவதால் பாட்டோடு கலந்துவிடுகிறது. பேலன்ஸ்டு கேபிளில் உள்ளே இரண்டு கம்பிகள். மிக்ஸர் அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே அளவில் ஏறிய இரைச்சல் கழிந்துபோகும்.

அந்த "ஒரே அளவில்" என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். ஒரு கம்பியில் நேர் சிக்னல், மற்றதில் தலைகீழ் சிக்னல் கொடுத்தால் போதும் என்று நினைத்து, விலை கூடிய ஐ.சி. தேடி அலைகிறார்கள். இரைச்சலை விரட்டுவது தலைகீழ் சிக்னல் இல்லை. இரண்டு கம்பிகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான இம்பீடன்ஸ் சமமாக இருந்தால்தான் அது கழியும். உன் கவனமெல்லாம் அங்கே இருக்கட்டும்.

கீபோர்டு சிக்னலை பேலன்ஸ்டாக்கும் இந்த ப்ரீஆம்ப் பெட்டிக்கு ஐ.சி. ஒரு டி.எல். 072 போதும். அதற்குள் இரண்டு ஆப்-ஆம்ப் உண்டு. முதல் பாதியில் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு சிக்னலை இரண்டு மடங்காக்கு. அதன் அவுட்புட்டை இரண்டாம் பாதி தலைகீழாக்கட்டும், அங்கேயும் இரண்டு 10 கிலோ ஓம்தான். இரண்டு கம்பிகளுக்கும் இடையில் மொத்தம் நான்கு மடங்கு கிடைக்கும். வீட்டுச் சாதனங்களின் லைன் அளவு சுமார் 0.316 வோல்ட், மேடைச் சாதனங்களின் அளவு 1.23 வோல்ட். கணக்கு சரியாக வருகிறதா? கீபோர்டு 0.316 வோல்ட்டைவிட அதிகமாகவும் தரலாம், அதனால் இன்புட்டில் ஒரு 10 கிலோ ஓம் வால்யூம் வை. வீணை, வயலினில் ஒட்டும் பீசோ பிக்கப்பை மட்டும் இதில் நேராகச் சொருகாதே. அதற்கு 1 மெகா ஓம் இன்புட் வேண்டும், இல்லாவிட்டால் அடிச்சுருதி காணாமல் போகும்.

இனி அவுட்புட். எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் பின் 2-க்கும் பின் 3-க்கும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் எங்கே வாங்கினாலும் பத்துப் பதினைந்து மெட்டல் ஃபிலிமாகச் சேர்த்து வாங்கி, மீட்டரில் அளந்து, மிக நெருங்கிய ஜோடியை எடு. மிக்ஸரின் இன்புட் ஒவ்வொரு கம்பிக்கும் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள். ஜோடிக்குள் 10 ஓம் வித்தியாசம் இருந்தால் இரைச்சலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே நுழையும். 1 ஓம் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

மிக்ஸரில் யாராவது 48 வோல்ட் ஃபேன்டம் பவரைப் போட்டுவிடுவார்கள், அதைத் தடுக்க இரண்டு கம்பிகளிலும் கெப்பாசிட்டர் தேவை. பலர் 47 மைக்ரோஃபாரட் வைக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 68 ஓம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் 20 சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம், ஆக உறுமல் வரும் அதே இடத்தில் சமநிலை கெடும். 220 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் போடு. பிளஸ் பக்கம் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டை நோக்கி இருக்கட்டும்.

பின் 1 ஷீல்டுக்கு. அதைச் சர்க்யூட் கிரவுண்டுக்குக் கொண்டுபோகாமல், குட்டை வயரில் நேராக உலோகப் பெட்டியின் உடம்பில் சேர்த்துவிடு. சர்க்யூட் கிரவுண்டு பெட்டியை ஒரே ஓர் இடத்தில் தொட்டால் போதும். 1995-இலேயே ஒலிப் பொறியாளர் நீல் மன்சி இதை விளக்கி எழுதிவிட்டார், பின் 1-ஐச் சர்க்யூட் கிரவுண்டில் சேர்ப்பதுதான் இன்றும் பல பெட்டிகளில் உறுமலுக்குக் காரணம். கீபோர்டு பக்கத்து சாக்கெட் பிளாஸ்டிக்காக இருந்தால் அது பெட்டியைத் தொடாது, வேலை சுலபம்.

முதல் பெட்டிக்கு மெயின்ஸ் கரண்ட் வேண்டாம் கண்ணு. இரண்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகச் சேர், நடுப்புள்ளி கிரவுண்டு. இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும் இரட்டை சுவிட்சாகப் பார்த்து வாங்கு. பெட்டியைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வை, நீளக் கேபிள் பேலன்ஸ்டு பக்கம் இருக்கட்டும்.

முடிந்ததும் போனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து அளந்து பார். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அதில் தப்பாகக் காட்டலாம். ஏ.சி.யில் 2 வோல்ட் ரேஞ்ச் உள்ள மீட்டர் தேவை. பின் 2-க்கும் 1-க்கும் இடையில் வருவதே 3-க்கும் 1-க்கும் இடையிலும் வரணும், 2-க்கும் 3-க்கும் இடையில் அதன் இரண்டு மடங்கு.

உறுமலை நிறுத்த பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடு என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதே. சாதனத்தில் கரண்ட் கசிந்தால் உன் உயிரைக் காப்பது அந்தப் பின்தான்.