ஜீரோன்னா வடக்கா, தெற்கா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு சோலார் சிமுலேஷன் எடுக்கப் போறீங்களா? அப்போ நான் பண்ண தப்பைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

சென்னையில ஒரு ஹாஸ்டல் மொட்டை மாடியில பேனல் போட்டா வருஷத்துக்கு எத்தனை யூனிட் கிடைக்கும்? இதுதான் கணக்கு. முதல்ல பிவிசிஸ்ட்ல போட்டேன். 30 நாள் ட்ரையல் முடிஞ்சதும் இலவசமா கிடைக்கிற பிவிவாட்ஸுக்கு மாறினேன். சாய்வு 13 டிகிரி, அசிமத் 0, ரன். ரிசல்ட் பழசை விடக் கொஞ்சம் கம்மி. சாஃப்ட்வேர் வேற, கிளைமேட் டேட்டா வேற, அதான்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

உண்மையில என் பேனல் எல்லாம் வடக்கு பார்த்து நின்னுச்சு. பிவிசிஸ்ட்ல நம்ம ஊருக்கு 0 என்றால் தெற்கு. பிவிவாட்ஸில் 0 வடக்கு. தெற்கு வேணும்னா 180.

இவ்வளவு பெரிய தப்பு ஏன் கண்ணுல படலை? சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. ஜூன் 21 மதியம் சூரியன் நமக்கு வடக்கே போயிடும். வெயில் செங்குத்தா விழுந்தா 1 என்று வைங்க. அன்னைக்கு தெற்கு பார்த்த பேனலுக்கு 0.92, வடக்கு பார்த்ததுக்கு கிட்டத்தட்ட 1. தப்பான பேனல்தான் ஜெயிக்குது! டிசம்பர் 21-ல் கதை மாறும்: தெற்குக்கு 0.92, வடக்குக்கு 0.65. வருஷ மொத்தத்துல ஒரு பகுதி ஈடாகிடும். டெல்லியில 28 டிகிரி சாய்வில் இதே தப்பைப் பண்ணியிருந்தா, டிசம்பர் மதியம் 0.17-தான். உடனே மாட்டியிருப்பேன்.

அப்போ டிசம்பராவது காட்டிக்கொடுத்திருக்கணுமே? அங்கதான் கிளைமேட் டேட்டா வருது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. மேகம் இருந்தா வெளிச்சம் வானம் முழுக்கச் சிதறி வரும். பேனல் எந்தப் பக்கம் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. சூரியன் தெற்கே சாயும் அதே மாசங்கள்ல நம்ம வானம் மூடிக்குது. அதனால வேற ஊர் வெதர் ஃபைலைப் போட்டு ஓட்டாதீங்க. சாய்வுக்குக் கிடைக்கும் லாபமே மாறிடும். டிஎம்ஒய் ஃபைல் என்பதும் ஒரே வருஷம் இல்லை. வெவ்வேறு வருஷங்கள்ல இருந்து வழக்கமான மாசங்களைப் பொறுக்கி ஒட்டினது. 2015 டிசம்பர் மாதிரி ஒரு மழையை அதுல தேடாதீங்க.

என்னைக் காப்பாத்தினது ஜனவரி. ரிவியூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி மாச வாரியா பார் சார்ட் போட்டேன். மழை ஓய்ஞ்சு வானம் தெளிஞ்ச ஜனவரி, ஜூனை விடக் குட்டையா நின்னுது. 180 கொடுத்து மறுபடி ஓட்டினேன். ஜனவரி மேலே ஏறிடுச்சு. பேபேக் கணக்கு மொத்தமும் திரும்ப எழுத வேண்டியதாப் போச்சு.

இப்போ எந்த டூலைத் திறந்தாலும் முதல்ல ஒரு டெஸ்ட். சாய்வு 90, கிழக்கு பார்த்த பேனல், அதாவது ஒரு சுவர். பீக் காலையில வரணும். சாயங்காலம் வந்தா அசிமத் குறி தப்பு. பிவிஜிஐஎஸ்ல விடியற்காலை 3 மணிக்கு பீக் காட்டினா பதறாதீங்க, அது யூடிசி நேரம். 5:30 மணி கூட்டிக்கோங்க.

ரிவியூவுல அசிமத் பத்தி யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்கலை. ஸ்லைடு ஃபான்ட் சின்னதா இருக்குன்னு மட்டும் சொன்னாங்க.