தமிழ் இதழியல் ஆய்வில் நூலக ஆதாரங்கள்: தேடலும் மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

தகவல் தொடர்பியல், இதழியல் துறை மாணவர்கள் பழந்தமிழ் இதழ்களை ஆராயும்போது எந்நூலகத்தில் எவ்வகை ஆதாரம் கிட்டும் என்பதையும், அவ்வாதாரம் யாருக்காக உருவாக்கப்பட்டது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். பட்டியல், மூல இதழ், அரசு அறிக்கை, துண்டு வெளியீடு ஆகிய நான்கு வகை ஆதாரங்களைத் தேடும் முறையையும் மதிப்பிடும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இதழியல், ஆவணக் காப்பகம், நூற்பட்டி, முதன்மை ஆதாரம், பாட்டுப் புத்தகம்.

முன்னுரை

சுதேசமித்திரன் 1882ஆம் ஆண்டு வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழாயிற்று. பாரதியாரின் எழுத்துப்பணியால் அறியப்பெறும் ‘இந்தியா’ 1906இல் சென்னையில் தோன்றி, 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. இச்செய்திகள் இதழியல் வரலாற்று நூல்கள் அனைத்திலும் காணப்படுவன. எனினும் அவ்விதழ்களின் பக்கங்களை நேரிற் காணாமலே அவற்றின் நடையையும் கொள்கையையும் வரையறுக்கும் போக்கு மாணவர் ஆய்வேடுகளில் உள்ளது. ஆதாரம் இல்லை என்பதைவிட, ஆதாரம் இருக்கும் இடம் அறியப்படவில்லை என்பதே பல நேரங்களில் இதற்குக் காரணமாகிறது.

பட்டியலிலிருந்து தொடங்குதல்

1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி, பதிவான வெளியீடுகளின் விவரம் காலாண்டுதோறும் அரசிதழில் வெளியிடப்பட்டது. மொழி, தலைப்பு, அச்சகம், பக்க அளவு, படிகளின் எண்ணிக்கை, விலை முதலியவை அதில் இடம்பெற்றன. ஒரு வெளியீடு எத்தனை பேரைச் சென்றடைந்திருக்கக்கூடும் என்பதற்கு இப்படி எண்ணிக்கை முதற் குறிப்பாகும்.

நூற்பட்டியில் தேடும்போது எழுத்து வேறுபாடுகளைக் கருத வேண்டும். குடிஅரசு, குடி அரசு, குடியரசு என மூன்று வடிவங்களிலும் தேடாதவர், உள்ள இதழை இல்லையென முடிவு செய்துவிடக்கூடும். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் உள்ள வெளியீடுகளிலும் எச்சரிக்கை தேவை. அறுபதாண்டுச் சுழற்சியில் தாது ஆண்டு 1876இலும் 1936இலும் வருகிறது. அச்செழுத்து, அச்சகப் பெயர், விளம்பரம் ஆகியவற்றைக் கொண்டே காலத்தை உறுதிசெய்ய இயலும்.

மூல இதழும் அரசு அறிக்கையும்

1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாட்டின் வெளியீடுகளைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் செய்தித்தாள்களும் அச்சட்டத்திற்குள் வந்தன. எனவே, விடுதலைக்குப் பிற்பட்ட இதழ்களை ஆராய்வோர் அங்கிருந்து தொடங்குதல் தகும்.

விடுதலைக்கு முற்பட்ட இதழ்களுக்கு, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் சுதேச மொழிச் செய்தித்தாள் அறிக்கைகள் பெரிதும் பயன்படுகின்றன. அரசு மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ் முதலிய மொழி இதழ்களின் செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கி அரசின் பார்வைக்கு அளித்தவை இவை. மூலப்படி அழிந்த இதழ்களின் குரல் சில இடங்களில் இவற்றில் மட்டுமே எஞ்சியுள்ளது.

ஆயினும் அரசு கேட்க விரும்பியதையே இவ்வறிக்கை பதிவு செய்தது என்பதை மறத்தலாகாது. விளம்பரம், வாசகர் கடிதம், பக்க அமைப்பு ஆகியன இதில் அரிதாகவே புலப்படும். கருத்துப்படத்தின் கோட்டை எச்சுருக்கமும் தருவதில்லை. இவ்வறிக்கையின் ஆங்கிலத்தை மீண்டும் தமிழாக்கி, இதழின் சொந்த வாசகம்போல் மேற்கோளிடுதல் பிழையாகும். அவ்வாறு எடுத்தாளும்போது மறுமொழிபெயர்ப்பு எனக் குறிப்பிடுவதே முறை. நடையியல் ஆய்வுக்கு அதனை அறவே பயன்படுத்தலாகாது.

துண்டு வெளியீடுகள்

1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தின் படச்சுருள் இன்று கிட்டவில்லை. இத்தகைய படங்களை ஆராய்வோருக்குப் பாட்டுப் புத்தகம், நாளிதழ் விளம்பரம், விமரிசனம் ஆகியனவே சான்றுகளாகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நூலகம், நூல்களோடு இதழ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் நாடக, திரைப்பட அறிவிப்புகளையும் பேணி வருகிறது. பொது நூலகங்கள் சிறியவை என ஒதுக்கியவற்றைத் தனியொருவர் சேர்த்ததாலேயே இவை ஆய்வுக்குக் கிட்டின.

ஈழத்து இதழ்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகமும், தமிழக வெளியீடுகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் துணைபுரிகின்றன. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எண்ணினால், ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பதன் இடர் விளங்கும். மின்படியில் விடுபட்ட பக்கங்களும் உண்டு. ஆதலால் பக்க எண் தொடர்ச்சியைச் சரிபார்த்த பின்னரே ஒரு செய்தி ‘இடம்பெறவில்லை’ எனக் கூறலாம்.

முடிவுரை

காலாண்டுப் பட்டியல் இதழின் இருப்பையும், மூலப்படி அதன் நடையையும், அரசு அறிக்கை ஆட்சியாளரின் பார்வையையும், துண்டு வெளியீடு மக்களிடையே அது உலவிய விதத்தையும் காட்டுகின்றன. ஒன்று காட்டுவதை மற்றொன்று காட்டாது. எந்நூலகத்தில், எவ்வடிவில், எந்நாளிட்ட படி பார்க்கப்பட்டது என்பதையும், பார்க்க இயலாத படிகள் எவை என்பதையும் ஆய்வேட்டில் பதிவு செய்தல் வேண்டும். தாள் நாள்தோறும் நொறுங்கிவரும் சூழலில், அப்பதிவு அடுத்து வரும் ஆய்வாளருக்கு வழிகாட்டும் ஆதாரமாக அமையும்.