தேர்ந்து கேட்டல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நூல் ஒன்றைக் கற்பவர் அதன் மூலத்தைத் தாமே படித்துணரலாம். இசைக்கு அவ்வாறு இல்லை; இசைப்பவர் ஒருவர் இடையே நின்று ஒலியாக்கினால்தான் அது செவியை அடையும். ஒரே படைப்பைப் பல கலைஞர்கள் இசைத்துப் பதிவு செய்திருக்கும்போது எதனைக் கேட்பது? பீத்தோவனின் பியானோ சொனாட்டாக்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

முப்பத்திரண்டு படைப்புகள்

ஜெர்மனியின் பான் நகரில் 1770ஆம் ஆண்டு பிறந்த லுட்விக் வான் பீத்தோவன், 1792இல் வியன்னா சென்றார். 1827இல் மறையும்வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். தனிக்கருவிக்கோ இரு கருவிகளுக்கோ இயற்றப்பட்டு, பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பகுதிகளாக அமையும் இசைவடிவம் சொனாட்டா எனப்படும். பீத்தோவன் பியானோவுக்கென்றே இயற்றி, 'ஓபஸ்' என்னும் படைப்பெண் இட்டு வெளியிட்ட சொனாட்டாக்கள் 32. அவற்றுள் முதல் மூன்றும் 1796இல் வெளிவந்தன. இறுதிச் சொனாட்டாவான ஓபஸ் 111, 1822இல் நிறைவுற்றது. இவையனைத்தையும் தொடர்ந்து கேட்க ஏறத்தாழப் பத்து மணிநேரம் வேண்டும்.

இக்கால இடைவெளியில் அவருடைய செவித்திறன் சிறிது சிறிதாக அழிந்தது. 1802இல் தம் உடன்பிறந்தாருக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த மடலொன்றில் அத்துயரை அவர் வெளிப்படுத்தினார். 1818 முதல், அவரைக் காண வந்தோர் தாம் சொல்ல விரும்பியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அவ்வாண்டில் முடிக்கப்பெற்றதே ஓபஸ் 106. எனவே, இறுதிச் சொனாட்டாக்களை அவர் மனத்தால் கேட்டாரேயன்றிச் செவியால் முழுமையாகக் கேட்டாரல்லர். அவை எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்பதற்கு அவர் எழுதிவைத்த ஏடே முதன்மைச் சான்று.

ஏடு சொல்வதும் சொல்லாததும்

இன்ன சுரம், இன்ன கால அளவு, இவ்விடத்தில் மென்மை, இவ்விடத்தில் வன்மை என்பவற்றை இசைக்குறியீடு தெரிவிக்கும். ஆயினும், மென்மை எவ்வளவு மென்மை? விரைவு எவ்வளவு விரைவு? இவற்றை இசைப்பவரே முடிவு செய்தல் வேண்டும்.

விரைவை எண்ணாலேயே குறிப்பிட்ட இடத்திலும் கருத்து வேறுபாடு தீரவில்லை. 32 சொனாட்டாக்களுள் ஓபஸ் 106 ஒன்றுக்கு மட்டுமே பீத்தோவன் மெட்ரோனோம் அளவு தந்துள்ளார். அதன் முதற்பகுதியை நிமிடத்திற்கு 138 அரைச்சுரங்கள் என்னும் வேகத்தில் இசைக்க வேண்டும் என்பது அவர் குறிப்பு. விரல்கள் தடுமாறும் வேகம் அது. எழுதியபடியே இசைத்தல் கடமை என்பர் சிலர். அவ்வேகத்தில் இசையின் கட்டமைப்பு கேட்பவருக்குப் புலப்படாது என்பர் வேறு சிலர். முன்னவர் ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களில் முடிக்கும் பகுதியைப் பின்னவர் பதினொரு நிமிடங்களுக்கும் மேலாக இசைக்கின்றனர்.

திருக்குறளுக்கு மணக்குடவர், பரிமேலழகர் உள்ளிட்ட பதின்மர் உரை கண்டனர் என்பர். மூலம் ஒன்று; உரைகள் பல. இசைப்பதிவுகளும் அத்தகையனவே. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. உரைகளை ஒதுக்கிவிட்டுக் குறளை மட்டும் படிக்க இயலும். இசைக்குறியீடு படிக்கத் தெரியாதவர்க்கோ உரையே மூலமாகத் தோன்றிவிடும். முதலில் கேட்ட பதிவையே 'சரியான' இசை என்று மனம் பற்றிக்கொள்வது இதனால்தான். தேர்ந்து கேட்டல் என்பது இப்பற்றிலிருந்து விடுபடும் பயிற்சியாகும்.

முதல் முழுப்பதிவு

முப்பத்திரண்டையும் முதன்முதலில் முழுமையாகப் பதிவு செய்தவர் ஆர்தர் ஷ்னாபெல். 1882இல் பிறந்த இவர், பீத்தோவன் மறைந்த நூற்றாண்டான 1927இல் அனைத்துச் சொனாட்டாக்களையும் பெர்லினில் தொடர் நிகழ்ச்சிகளாக இசைத்தவர். நெடுங்காலம் இசைத்தட்டில் பதிவு செய்வதை இவர் விரும்பவில்லை. கேட்போர் எதிரே இல்லாமல் இசைப்பதும், ஒருமுறை இசைத்தது மாறாமல் உறைந்துவிடுவதும் இவருடைய கலைக்கொள்கைக்கு ஒவ்வாதனவாக இருந்தன. பின்னர் இசைந்து, 1932 முதல் 1935 வரை இலண்டனின் அபே ரோடு பதிவரங்கில் இப்பணியை முடித்தார். இடையில் 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர்; யூதரான ஷ்னாபெல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். முன்பணம் செலுத்தி உறுப்பினரானோர்க்கு இத்தட்டுகள் தொகுதி தொகுதியாக வழங்கப்பட்டன.

அக்காலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிட அளவே கொள்ளும். ஓபஸ் 106இன் மூன்றாம் பகுதி பதினைந்து நிமிடங்களுக்கும் மேல் நீள்வது. அதனை நான்கு நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி, விட்ட உணர்வைப் பிடித்து மீண்டும் தொடங்க வேண்டும். பிழையான ஒரு சுரத்தை மட்டும் வெட்டி ஒட்டும் வசதியும் அன்று இல்லை. ஷ்னாபெல் பதிவில், குறிப்பாக ஓபஸ் 106இல், தவறிய சுரங்கள் உள்ளன. ஒலியில் இரைச்சலும் உண்டு. எனினும், பீத்தோவன் குறித்த வேகத்தை எட்ட அவர் துணிந்த துணிவும், மெதுவான பகுதிகளில் காட்டிய ஆழமும் பின்வந்த இசைஞர்க்கெல்லாம் அளவுகோலாயின. பிழையற்றதே சிறந்தது என்னும் எண்ணத்தை இப்பதிவு அசைத்துவிடுகிறது.

நிறைவும் நிறைவின்மையும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் காந்தநாடாவும் நீண்டநேர இசைத்தட்டும் வந்தன. பிழைகளைத் திருத்தி ஒட்டவும், ஒரு பகுதியை இடையறாது கேட்கவும் வழி பிறந்தது. வில்ஹெல்ம் கெம்ஃப் என்னும் ஜெர்மானியக் கலைஞர் 1950களில் ஒருமுறையும், 1964–65இல் ஸ்டீரியோ முறையில் மறுமுறையும் முழுத்தொகுதியைப் பதிவு செய்தார். வன்மையைக் காட்டிலும் பாடுவது போன்ற மென்மையும் தெளிவும் இவருடைய சிறப்புகள். ஆல்ஃபிரட் பிரெண்டல் 1960கள், 1970கள், 1990கள் என மூன்று முறை முழுத்தொகுதியை வழங்கினார். முப்பது வயதில் கண்ட பொருளும் அறுபது வயதில் கண்ட பொருளும் ஒன்றல்ல என்பதற்கு இவை சான்று.

எல்லா முயற்சியும் நிறைவுறவில்லை. ஸ்டீரியோ முறையில் மீண்டும் பதிவு செய்துவந்த வில்ஹெல்ம் பாக்ஹவுஸ் 1969இல் மறைந்தபோது, ஓபஸ் 106 ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. சோவியத் கலைஞர் எமில் கிலெல்ஸ் 1985இல் மறைந்தபோது ஐந்து சொனாட்டாக்கள் எஞ்சின. அவற்றுள் ஒன்று இறுதிச் சொனாட்டாவான ஓபஸ் 111. 32 இல்லை என்பதற்காக இத்தொகுதியை ஒதுக்குவோர், உள்ள 27இன் ஒலிவளத்தையும் இழக்கின்றனர்.

ஹங்கேரியக் கலைஞர் ஆனி ஃபிஷரின் வரலாறு வேறு வகையானது. 1977இல் பதிவைத் தொடங்கிய அவர், தாம் இசைத்தது தமக்கே நிறைவளிக்காமையால் முழுத்தொகுதியை வெளியிட இசையவில்லை. 1995இல் அவர் மறைந்த பின்னரே அது முழுமையாக வெளிவந்தது. கேட்டோர் அதனைத் தலைசிறந்த தொகுதிகளுள் ஒன்றாகப் போற்றினர். கலைஞர் தம் படைப்பை அளக்கும் கோலும் கேட்போர் அளக்கும் கோலும் வெவ்வேறு என்பதை இது காட்டுகிறது.

எந்தப் பியானோ?

பீத்தோவன் இளமையில் பயன்படுத்திய வியன்னாப் பியானோ, மரச்சட்டமும் மெல்லிய கம்பிகளும் தோல் போர்த்திய சுத்தியல்களும் கொண்டது. ஐந்து எண்ம அளவே உடையது. அதன் ஒலி விரைவில் தேயும். இன்றைய பியானோ இரும்புச்சட்டமும் 88 கட்டைகளும் கொண்டது. அதன் ஒலி நெடுநேரம் நிற்கும்.

இவ்வேறுபாட்டின் விளைவை 1801இல் இயற்றப்பட்ட 'நிலவொளி' சொனாட்டாவில் தெளிவாகக் கேட்கலாம். அதன் முதற்பகுதி முழுவதையும், கம்பிகளின் அதிர்வை நிறுத்தும் ஒலியடக்கிகளைத் தூக்கிய நிலையிலேயே இசைக்குமாறு பீத்தோவன் எழுதியுள்ளார். பழைய கருவியில் அவ்வாறு இசைத்தால் சுரங்கள் மெல்லிய மூடுபனிபோல் ஒன்றன்மேல் ஒன்று படியும். இன்றைய கருவியில் அப்படியே செய்தால் ஒலிகள் கலந்து குழம்பும். ஆகவே, பலர் மிதியை அவ்வப்போது விட்டு மிதிக்கின்றனர். நெதர்லாந்துக் கலைஞர் ரொனால்ட் பிரவுட்டிகம், பீத்தோவன் காலக் கருவிகளின் மாதிரியில் செய்யப்பட்ட பியானோக்களில் முழுத்தொகுதியைப் பதிவு செய்துள்ளார். அவருடைய பதிவைக் கேட்கும்போது, விளங்காத பல குறிப்புகளின் காரணம் விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

'நிலவொளி' என்பது பீத்தோவன் இட்ட பெயரன்று. லுட்விக் ரெல்ஸ்டாப் என்னும் ஜெர்மானிய எழுத்தாளர் இப்படைப்பை ஏரியின்மேல் படரும் நிலவொளியோடு ஒப்பிட்டார். அதிலிருந்து இப்பெயர் நிலைத்தது. பீத்தோவன் குறித்தது, 'கற்பனை வடிவை ஒத்த சொனாட்டா' என்பதே.

தேர்வதற்கான நெறிகள்

பத்து மணிநேர இசையை முழுவதும் கேட்டபின் ஒப்பிடுதல் எளிதன்று. தொடக்கக்காலம், இடைக்காலம், இறுதிக்காலம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு சொனாட்டாவைத் தேர்ந்து, அவற்றின் ஒரே பகுதியை இருவர் பதிவில் அடுத்தடுத்துக் கேட்டல் நன்று. வேகம், ஒலியின் ஏற்றத்தாழ்வு, இடதுகையின் தெளிவு, மௌனம் நிற்கும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவான ஆண்டையும் கருவியையும் அறிந்தபின் மதிப்பிட வேண்டும். 1930களின் இரைச்சலைக் கலைஞரின் குறையாகக் கருதுதல் முறையன்று.

புதிதாகக் கேட்பவர்க்குக் கெம்ஃபின் இரண்டாம் தொகுதியோ பிரெண்டலின் தொகுதியோ ஏற்ற நுழைவாயில். ஒலி தெளிவாக இருப்பதால் கவனம் இசையில் நிற்கும். அடுத்து ஷ்னாபெலைக் கேட்டால், தெளிவு வேறு, துணிவு வேறு என்பது புலனாகும். அதன்பின் பிரவுட்டிகம் பதிவு, பழகிய இசையைப் புதிதாக்கித் தரும். ஒருவரே முப்பத்திரண்டிலும் முதன்மை பெறுதல் அரிது. எனினும், ஒரே கலைஞரின் முழுத்தொகுதிக்குத் தனிப் பயன் உண்டு: இளமை மிடுக்கிலிருந்து இறுதி அமைதிவரை பீத்தோவன் கடந்த தொலைவை ஒரே கண்ணோட்டத்தில் காண அது உதவும்.

சிறந்தது எது என்பதற்குப் பிறர் தரும் விடை தொடக்கத்திற்கு மட்டுமே துணைசெய்யும். இன்ன காரணத்தால் இது எனக்கு உகந்தது என்று சான்றுகாட்டிச் சொல்லும்போது, கேட்பவர் சுவைஞராகிறார். வேறொருவர் வேறொன்றைத் தேர்ந்து அதற்கும் சான்றுகாட்டினால், அதனைச் செவிமடுத்து மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பவரே தேர்ந்த சுவைஞர்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் விரும்பும் பாடல் ஒன்றை இருவேறு பாடகர்கள் பாடிய பதிவுகளில் கேட்டு, வேகம், உச்சரிப்பு, உணர்ச்சி ஆகியவற்றை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
2. 'பிழையற்ற கலையே சிறந்த கலை' என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

குறுவினா

1. பீத்தோவன் மெட்ரோனோம் அளவு குறித்த சொனாட்டா எது?
2. ஷ்னாபெல் நெடுங்காலம் பதிவு செய்ய விரும்பாமைக்குக் காரணங்கள் யாவை?

சிறுவினா

1. திருக்குறள் உரைகளையும் இசைப்பதிவுகளையும் ஒப்பிட்டு, ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.
2. 'நிலவொளி' சொனாட்டா பழைய கருவியிலும் புதிய கருவியிலும் வேறுபட்டு ஒலிப்பதை விளக்குக.

நெடுவினா

1. ஆனி ஃபிஷர் தம் பதிவை வெளியிட மறுத்தமை சரியா? அவர் மறைந்தபின் அது வெளியிடப்பட்டமை முறையா? காரணங்களுடன் உம் கருத்தை நிறுவுக.