கோர்ட்டுத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் முறை

குற்றாலத்தில் சாரல் தொடங்கி, சிற்றாற்றுப் பாசனத்தில் கார் நடவு நெருங்கும் காலத்தில், தென்காசி முன்சீப் கோர்ட்டில் நில வழக்கொன்றில் தோற்ற விவசாயி ஒருவரை உதாரணமாகக் கொள்க. நடவு முடியட்டும் என்று அவர் தாமதித்தால் நிலத்தை மீட்கும் வழியே அடைபட்டுவிடக்கூடும்.

தோற்றவருக்கு வழிகள் இரண்டு உள. ஒன்று, சப் கோர்ட்டில் அப்பீல் செய்தல். மற்றொன்று, தீர்ப்பளித்த கோர்ட்டிலேயே மறுபரிசீலனை கோருதல். 1963-ஆம் வருஷத்திய காலவரையறைச் சட்டப்படி இரண்டிற்கும் கெடு 30 நாட்களே. தீர்ப்புக் கூறிய நாளும், நகல் பெறுவதற்கு அவசியமான நாட்களும் இக்கணக்கில் சேரா. ஆனால் நகல் கேளாமல் வீணாக்கிய நாட்கள் சேரும். ஆகவே நகலுக்கு உடனே மனுச் செய்தல் முதற் கடமையாகும்.

மறுபரிசீலனைக்குரிய காரணங்களை 1908-ஆம் வருஷத்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆவது ஆர்டர் கூறுகிறது. அவையாவன:

1. தக்க முயற்சி செய்தும் முன்னர் அறியவோ ஆஜர்படுத்தவோ இயலாதிருந்த முக்கியமான புதிய சாட்சியம்.

2. ரிக்கார்டைப் பார்த்த மாத்திரத்திலேயே புலப்படும் பிழை.

3. இவற்றையொத்த வேறு போதிய காரணம். இது முன்னிரண்டையும் ஒத்ததாகவே இருத்தல் வேண்டுமென்று 1922-இல் லண்டன் பிரிவி கௌன்சில் தீர்மானித்தது.

பழைய கிரயப் பத்திரம் ஒன்று தீர்ப்பிற்குப் பின் அகப்பட்டதென்று விவசாயி கூறினால் மட்டும் போதாது. ரிஜிஸ்தர் ஆபீஸில் தேடியிருந்தால் முன்னரே நகல் கிடைத்திருக்குமாயின், தக்க முயற்சி செய்யவில்லையென்று கோர்ட்டார் மனுவைத் தள்ளலாம். சாட்சியை நீதிபதி நம்பியது தவறு என்பதோ அப்பீலுக்குரிய விஷயம். டிக்ரியில் 40 சென்ட் என்பது 4 சென்ட் என்று கைத்தவறாக எழுதப்பட்டிருந்தால், அதே சட்டத்தின் 152-ஆவது பிரிவின்படி எக்காலத்திலும் திருத்தம் கோரலாம்.

மனுவில் காரணங்களை வரிசையாக இலக்கமிட்டு எழுதி, தீர்ப்பு, டிக்ரி ஆகியவற்றின் நகல்களை இணைத்து, உரிய கட்டணத்துடன் தாக்கல் செய்தல் வேண்டும். புதிய சாட்சியமாயின், அது முன்னர்க் கிட்டாத விதத்தைக் கண்டிப்பாக நிரூபித்தல் வேண்டும். எதிர்க்கட்சிக்கு நோட்டீஸ் கொடாமல் மனு அனுமதிக்கப்படமாட்டாது. கூடியவரை தீர்ப்பளித்த நீதிபதியே அதை விசாரிப்பார்.

எச்சரிக்கையாய் நினைவிற் கொள்ளவேண்டியவை மூன்று. முதலில் அப்பீல் செய்துவிட்டவர் பின்னர் மறுபரிசீலனை கோர இயலாது. மறுபரிசீலனை மனு நிலுவையில் இருப்பதனாலேயே அப்பீல் கெடு நீளாது. அம்மனு தள்ளப்பட்டால், தள்ளிய உத்தரவின் மீது அப்பீலும் இல்லை.

கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகம், கடன் முதலியவை பற்றிய தகராறுகளுக்கு 1983-ஆம் வருஷத்திய தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் வேறு முறை உண்டு. அவை 90-ஆவது பிரிவின்படி ரிஜிஸ்திராரிடம் செல்வன. எந்த வழியாயினும், தோற்ற மறுநாளே நகல் மனுவைக் கொடுத்துவிட்டு, எவ்வழி ஏற்றதென்று வக்கீலைக் கலந்துகொள்ளும் அங்கத்தினர் கெடுத் தவறி நிலத்தை இழக்கமாட்டார்.