நழுவு கண்ணியில் ஒரு வண்ணத் தொப்பி

பால்மரக் காட்டின் விடியற்காலை ஈரமும் குளிரும் நிறைந்தது. இருள் பிரியுமுன் வெட்டுக்குப் புறப்படும் தாய், உறக்கம் கலையாத குழந்தையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு ஆயாவிடம் ஒப்படைக்கச் செல்கிறாள். குழந்தையின் தலையை ஒரு பழைய துண்டு மூடியிருக்கும். பாதி வழியில் அது நழுவி விழும். அந்தச் சிறு நடைக்காகவே இத்தொப்பி.

பல நிறத் தொப்பி என்றதும், இரண்டு நூல்களை ஒருங்கே பிடித்துப் பின்ன வேண்டுமோ என்று அஞ்சுவோர் உண்டு. இம்முறையில் ஒரு வரிசைக்கு ஒரே நூல்தான். இடையிடையே ஒரு கண்ணியைப் பின்னாமல் இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு மாற்றிவிடுகிறோம். அக்கண்ணியின் பழைய நிறம் மேலேறி வந்து, புதிய நிறப் பட்டையினூடே புள்ளியாக நிற்கிறது. அமெரிக்கரான பார்பரா வாக்கர் என்னும் அம்மையார் இம்முறையை விரிவாக்கி, 1976இல் ‘மொசைக் பின்னல்’ என்று தனி நூலே வெளியிட்டார்.

ஆறு மாதக் குழந்தைக்கு, மூன்று நிறமும் சேர்த்து 50 கிராம் நூல் போதும். மிச்சம் மீதி நூலும் உதவும். நூல்களின் பருமன் மட்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்துக்குக் கம்பளியைவிடப் பருத்தியே ஏற்றது. 4 மில்லிமீட்டர் ஊசியில் முதலில் ஒரு சிறு துண்டு பின்னி அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டர் அகலத்தில் 22 கண்ணிகள் இருக்க வேண்டும். குறைவாயிருந்தால் மெல்லிய ஊசிக்கும், மிகுதியாயிருந்தால் பருத்த ஊசிக்கும் மாறுக.

முதல் நிறத்தில் 83 கண்ணிகள் ஏற்றி, நேர் ஒன்று, மறு ஒன்று என மாற்றி மாற்றி ஆறு வரிசைகள் பின்னுக. இது காதோரம் இறுகிப் பிடிக்கும் விளிம்பு. அடுத்து, நேர் வரிசை ஒன்று, மறு வரிசை ஒன்று.

இனி இரண்டாம் நிறம். மூன்று கண்ணி நேராகப் பின்னி, ஒன்றை நழுவவிட்டு, மீண்டும் மூன்று பின்னி, இவ்வாறே வரிசையை முடிக்க. இறுதியிலும் மூன்று வரும். திரும்பும் வரிசையில் மற்றவற்றை மறுவாகப் பின்னி, முன்பு நழுவவிட்ட அதே கண்ணிகளை மீண்டும் நழுவவிடுக. அடுத்து மூன்றாம் நிறம்: ஒன்று பின்னி, ஒன்றை நழுவவிட்டு, பின்னர் மூன்று பின்னி ஒன்று நழுவவிட்டுச் சென்றால், இறுதியில் ஒரு கண்ணி எஞ்சும், அதைப் பின்னிவிடுக. திரும்பும் வரிசை முன்போலவே. இந்நான்கு வரிசைகளையும், நிறங்களை முறையே மாற்றிக்கொண்டு, விளிம்பிலிருந்து 12 சென்டிமீட்டர் வரும்வரை தொடர்க. நூலை வெட்டாமல் ஓரமாகவே மேலே கொண்டு செல்லலாம்.

பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். நழுவவிடும்போது ஊசியை வலமிருந்து இடமாக நுழைத்துக் கண்ணியை முறுக்காமல் மாற்ற வேண்டும். நூல் எப்போதும் தொப்பியின் உட்புறத்திலேயே நிற்க வேண்டும். அஃதாவது, நேர் வரிசையில் ஊசிக்குப் பின்னால்; மறு வரிசையில் உங்கள் பக்கம். நூலை இறுக்கி இழுத்தீர்களோ, தொப்பி சுருங்கித் தலையில் ஏறாது. செய்த வேலை முழுவதும் வீண். தளர்த்திவிட்டாலோ, உள்ளே தொங்கும் இழையில் குழந்தையின் விரல் சிக்கும்.

உச்சிக்கு முதல் நிறம் மட்டும். ஒரு கண்ணி பின்னி, ‘ஏழு பின்னி, இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுதல்’ என்பதை ஒன்பது முறை செய்து, கடைசிக் கண்ணியையும் பின்னுக. அடுத்தது மறு வரிசை. பின்னர் ஏழு என்பதை ஆறு, ஐந்து, நான்கு என ஒவ்வொரு நேர் வரிசையிலும் குறைத்து வந்து, கடைசியில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 11 கண்ணிகள் மிஞ்சும். நூலை நீளமாக வெட்டித் தையலூசியில் கோத்து, அவற்றினூடே செலுத்தி இறுக்கி, அதே நூலால் ஓரங்களை இணைத்துத் தைத்துவிடுக.

கயிறோ, பொத்தானோ, குஞ்சமோ வைக்க வேண்டா. அவை கழுத்தைச் சுற்றவும் வாய்க்குள் போகவும் கூடும். கைக்குழந்தையின் உடல் தலை வழியே நிறைய வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆகவே தொப்பியோடு உறங்கவைத்தால் உடல் அளவுக்கு மீறிச் சூடேறும். முகத்தின்மேல் இறங்கி மூச்சையும் தடுக்கலாம். ஆயாவின் கையில் குழந்தையைக் கொடுக்கும்போதே தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுக.