புள்ளியும் கோடும் சொல்லும் குற்றக் கணக்கு



பெரிய நகரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால் "யார் சுட்டது?" என்று போலீஸ் தேடும். "அடுத்து யாருக்கு ஆபத்து?" என்று கேட்டால் என்ன செய்வது? அதற்கும் கணக்கில் ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் வலைப்பின்னல் ஆய்வு. பேருதான் பெருசு, விஷயம் நம்ம புள்ளிக்கோலம் மாதிரிதான்.

எப்படிப் போடுவது?

ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. ஒரே வழக்கில் சேர்ந்து பிடிபட்ட இரண்டு பேருக்கு நடுவில் ஒரு கோடு.

உதாரணம் (சும்மா வைத்த பெயர்கள்): ஜானும் டாமும் ஒரு வழக்கு. டாமும் சாமும் ஒரு வழக்கு. சாமும் பில்லும் ஒன்று. சாமும் ஜிம்மும் ஒன்று. தாளில் வரைந்து பாருங்கள். சாமிடம் மூன்று கோடுகள் சேரும். சாம் சுடப்பட்டால் டாம், பில், ஜிம் மூவரும் ஒரு கோடு தூரத்தில் இருக்கிறார்கள். ஜான் இரண்டு கோடு தூரத்தில். ஜான் சாமைப் பார்த்தே இருக்க மாட்டான். ஆனாலும் அவனுக்கும் ஆபத்து வரலாம்.

சிகாகோவில் கண்டது

அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரத்தின் 2006 முதல் 2014 வரையான போலீஸ் பதிவுகளை வைத்து, ஆண்ட்ரூ பாபக்கிறிஸ்டோஸ் என்ற ஆய்வாளரும் மற்ற இருவரும் இப்படி ஒரு வலையைப் போட்டார்கள். அதில் 1,38,163 பேர்! அவர்களிடையே நடந்த 11,123 துப்பாக்கிச் சூடுகளில் நூற்றுக்கு 63, அம்மை ஒட்டுவது போல ஒருவரிடமிருந்து அவரோடு தொடர்புள்ளவருக்குப் பரவியவை என்று 2017-இல் எழுதினார்கள். ஒருவர் சுடப்பட்டு, அடுத்தவர் சுடப்படும் வரை சராசரி இடைவெளி 125 நாட்கள்.

அதாவது நாலு மாசம். அதற்குள்ளே அந்த ஆளிடம் போய்ப் பேசி, படிப்போ வேலையோ கிடைக்க உதவினால் ஓர் உயிரைக் காப்பாற்ற வழி உண்டு. இந்தக் கணக்கின் பயனே இதுதான்.

கவனிக்க வேண்டியது

இதே கணக்கைத் தப்பாகவும் பயன்படுத்தலாம். சிகாகோ போலீஸ் 2013-இல் ஆபத்து அதிகம் என்று 426 பேரைப் பட்டியல் போட்டது. அதை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம் 2016-இல் சொன்னது என்ன தெரியுமா? அவர்கள் சுடப்படுவது குறையவில்லை. துப்பாக்கிச் சூட்டு வழக்கில் கைதாவதுதான் கூடியது. காப்பாற்ற வேண்டியவர்களே சந்தேகப்பட வேண்டியவர்களாக ஆகிவிட்டார்கள்! 2019-இல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்று. பிடிபட்டவர் எல்லாரும் குற்றவாளி இல்லை. போலீஸ் அடிக்கடி போகிற தெருவில் புள்ளியும் அதிகமாக விழும்.

நினைவில் வைக்க: கோடு ஆபத்தைக் காட்டும், குற்றத்தை நிரூபிக்காது.

பயிற்சி: நீங்கள் வரைந்த படத்தில் டாம்–சாம் கோட்டை அழித்துவிடுங்கள். இப்போது சாமிடமிருந்து ஜானுக்குப் போக வழி இருக்கிறதா? விடை அடுத்த இதழில்.

– 9-ஆம் வகுப்பு மாணவி