வாசிப்பு வட்டமா, கோடை முகாமா? புதுச்சேரியில் தன்னார்வலராகச் சேருமுன்

வாரத்தில் ஒரு மாலை ஓய்வு கிடைக்கிறது, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாமா என்று கேட்பவர்கள் புதுச்சேரியில் நிறைய. கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சில வாரம் தங்கிப்போகும் வெளிநாட்டினர் என்று பலரும் கேட்கிறார்கள். எங்கே சேர்வது என்பதில்தான் குழப்பம். இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். புத்தகம் பிள்ளையின் வீட்டுக்குப் போகிறதா? இந்த வாரம் வந்த அக்காவோ அண்ணனோ அடுத்த வாரமும் வருவாரா? இரண்டுக்கும் ஆமென்று பதில் வந்தால் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அந்த வகையில் என் முதல் பரிந்துரை, பிள்ளைகள் குடியிருக்கும் தெருவிலேயே நடக்கும் மாலை வாசிப்பு வட்டம். இதற்கு இங்கே நல்ல மரபு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுச்சேரியின் தெருக்களிலும் திண்ணைகளிலும் தன்னார்வலர்களை உட்கார வைத்துப் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தது. அறிவியல் இயக்கத்தினர் 1987இல் தொடங்கிய 'துளிர்' சிறுவர் இதழ் அதற்கும் முந்தையது. வாணரப்பேட்டையிலோ வைத்திக்குப்பத்திலோ ஒரு கோயில் மண்டபமும் ஒரு பாயும் ஐம்பது புத்தகமும் இருந்தால் வட்டம் தொடங்கிவிடலாம்.

தெருவில் நடப்பதால் அம்மாக்கள் எட்டிப் பார்ப்பார்கள், தம்பி தங்கைகள் ஒட்டிக்கொண்டு வருவார்கள். மீனவர் குப்பத்தில் கடல் கதை வாசித்தால் பிள்ளைகளே புத்தகத்தைத் திருத்துவார்கள்: "நண்டுக்கு இத்தனை கால்தானா வரஞ்சிருக்காங்க? கொடுக்கோட சேத்துப் பத்து அக்கா!" அப்போது தாளையும் கிரேயானையும் கையில் கொடுத்துப் பாருங்கள். கட்டுமரம் வராது. என்ஜின் பொருத்திய ஃபைபர் படகு வரும், அதில் அப்பா பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். அந்தப் படத்தின் கீழே பிள்ளை எழுதும் நான்கு வரிதான் அதன் முதல் படைப்பு. வட்டத்தின் பலவீனம், அதை நடத்துபவர் வேலை மாறிப் போனால் எல்லாம் நின்றுவிடுவது. அதனால் குறைந்தது மூன்று பேர் பொறுப்பேற்ற வட்டமாகப் பார்த்துச் சேருங்கள்.

பாரதி பூங்காவை ஒட்டிய ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இல் தொடங்கியது. புத்தகத்துக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் குப்பத்துப் பிள்ளை தானாக அந்த வாசலேறாது. கட்டடத்தைப் பார்த்தே தயங்கும். வட்டத்துப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை அழைத்துப் போய், உறுப்பினர் அட்டைக்கு என்ன தேவை என்று பெற்றோருக்கு விளக்கிச் சொல்லும் ஆளாக நீங்கள் இருந்தால் நூலகமும் வட்டமும் ஒன்றையொன்று தாங்கும்.

கோடை முகாம்கள் வேறு வகை. பால பவன் என்று ஊரார் அழைக்கும் ஜவகர் சிறுவர் இல்லத்தில் ஓவியம், இசை, நடனம், கைவேலை எல்லாம் கற்றுத்தருகிறார்கள். பாட்டோ தபேலாவோ நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இத்தகைய இடமே பொருத்தம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு மட்டும் இரண்டு வார முகாம் போதாது. எழுத்துக்கூட்டுவது நின்று சரளம் வர மாதக்கணக்கில் ஒரே ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

உப்பளத்தில் 1962 முதல் இயங்கும் வொலொந்தாரியா போன்ற தொண்டு நிறுவனங்களில் ஒழுங்கும் தொடர்ச்சியும் உண்டு. அங்கே விடுதிப் பிள்ளைகளும் இருப்பதால், பழகிய ஆள் திடீரென்று காணாமல் போனால் பிள்ளைக்கு வலிக்கும். நீங்கள் மூன்று வாரமே தங்கப்போகிறவராக இருந்தால், பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் வேலையைக் கேட்காமல், புத்தகம் ஒட்டுவது, அடுக்குவது, படம் வரைந்து கொடுப்பது என்று கேளுங்கள். இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

எந்த மொழிப் புத்தகம் என்ற கேள்வி புதுச்சேரியில் இப்போது பெரிதாகிவிட்டது. அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியபின், வீட்டில் பேசும் தமிழிலேயே வாசிக்கத் திணறும் பிள்ளை, பள்ளியில் ஆங்கிலப் பாடத்தை மனப்பாடம் செய்கிறது. ஆங்கிலம் மட்டும் சொல்லித்தரும் வகுப்பைப் பெற்றோர் விரும்பிக் கேட்பது நியாயம்தான். ஆனாலும் தமிழ்க் கதையில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போகிற வட்டத்தையே தேர்ந்தெடுங்கள். ஒரு மொழியில் பொருள் புரிந்து வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி எளிது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். அச்சிட்டுக் கொடுக்கவும் அனுமதி உண்டு.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உங்கள் அடையாள ஆவணத்தையும் காவல்துறைச் சான்றையும் கேட்காமல் "நாளைக்கே வாங்க" என்று சொல்லும் அமைப்பு, வேறு யாரையும் அப்படித்தான் உள்ளே விடும். பிள்ளைகளின் முகத்தை நன்கொடைக்காகப் படம்பிடித்துப் போடும் இடத்தையும் தவிருங்கள். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம் என்பது நீங்கள் சேரும் இடத்தில் எல்லாத் தன்னார்வலருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சேருமுன் ஒருநாள் சும்மா போய் உட்கார்ந்து, இரவல் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெயர், புத்தகம், எடுத்த தேதி, திருப்பிய தேதி என்று பிள்ளைகளின் கோணல் கையெழுத்தில் பக்கங்கள் நிரம்பியிருந்தால், அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். நோட்டே இல்லையென்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து, அந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.